ஒன்பதாவது மண்குழல்

அது என் கைக்கு வந்தபோது மூன்று துண்டாக இருந்தது. வவுனியாவிலிருந்து கொண்டுவந்த பெண், எங்கள் பழைய ஊர்க்காரி, பையை நீட்டும்போதே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் என்ன செய்ய அக்கா? ஆமிச் சோதனையில மறிச்சாங்கள். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேட்டாங்கள். காத்துத்தான் இருக்கெண்டு சொன்னனான். நம்பேல்லை. தட்டிப் பாத்தாங்கள்."

தட்டிப் பார்த்தவன் பிறகு துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டுக் கொடுத்தானாம். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் அவள் மேல் பாய்ந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் விழும். பாவம், அத்தனை தூரம் காட்டு வழியால் அதைச் சுமந்து வந்தவளுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

அனுப்பியவர் என் கணவர். ஜெர்மனியில் ஏதோ ஒரு சந்தையில், தன் கையாலேயே மண்ணைப் பிசைந்து, சுட்டு, பூவும் எழுதி விற்கிற ஒரு பெண்ணிடம் வாங்கியது. ஒக்கரீனா என்று பெயராம். தாரா முட்டையளவு, கடும் நீலம், அதன்மேல் மஞ்சளில் பொடிப் பொடியாகப் பூக்கள். வாய் வைத்து ஊத ஒரு மூக்கு, மேலே நாலு துளை. பையில் அதோடு ஒரு கசெற்றும் இருந்தது. நல்லகாலம், அதை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

அப்போது நான் வன்னிக்குள், அக்கராயனில் ஒரு கொட்டிலில் தனியாக இருந்தேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு. கல்யாணம் முடித்து எட்டு மாதம் ஒன்றாக இருந்தோம். பிறகு அவர் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர்தான். இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது மாமா மாமியோடுதான் வந்தேன். அவர்கள் திரும்பி யாழ்ப்பாணம் போகப்போகிறோம் என்றபோது ஒரு வார்த்தை கூடிப்போய்ச் சண்டையாகி, "நீங்கள் போங்கோ, நான் வரேல்லை" என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன். போய்விட்டார்கள். கோபம் ரெண்டு நாளில் ஆறிவிட்டது, ஆனால் அதற்குள் ஆமி பாதையைப் பூட்டிவிட்டது. என்னிடம் மிஞ்சியது அவருடைய சைக்கிளும், அதன் கரியரில் கட்டிக் கொண்டுவந்த தையல் மெசினும், கசெற்றும் போடக்கூடிய ஒரு சின்ன றேடியோவும். சட்டை தைத்துச் சீவித்தேன். பகல் முழுக்க மெசினை மிதிப்பேன். பின்னேரமானால் கதைக்க ஆள் இல்லை.

வன்னிக்குள் கரண்ட் இல்லை, பற்றரியையும் ஆமி வர விடாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவிட்டு, வயரை றேடியோவில் கொழுவி, ஏறி இருந்து மிதிக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். வயர் கொழுவித் தந்த சைக்கிள் கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மெதுவா மிதிக்கோணும் தங்கச்சி. வேகமா மிதிச்சால் செற் எரிஞ்சு போடும்." எனக்கு இருந்தது அந்த ஒரு செற். எரிந்தால் வேறு வாங்க வழியில்லை. அதனால் தையல் மெசினை மிதிக்கிற அதே ஆறுதலான மிதியில் மிதித்தேன். அந்தக் காலுக்கு வேறு மிதி தெரியவும் தெரியாது.

அன்று பின்னேரம் கசெற்றைப் போட்டேன். அவருடைய குரல் வந்தது.

"இஞ்சாரும், நான்தான் கதைக்கிறன். சுகமா இருக்கிறீரே?"

நாலு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். ஆழமாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக வந்தது. போகும்போது இளந்தாரியாகப் போனவர், அங்கே போய் ஒரு பொறுப்பான மனிசனாகி விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மிதித்துக்கொண்டே அழுதேன். மிதிப்பதை நிறுத்தினால் அவர் நின்றுவிடுவார் என்பதால் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"ரெண்டு வாங்கினனான். ஒரே கையால, ஒரே சூளையில சுட்டது. ஒண்டு எனக்கு, மற்றது உமக்கு. நான் இதில ஒண்டு ஊதிக் காட்டுறன். நீரும் பழகும். ஒருநாளைக்கு ரெலிபோனில ரெண்டு பேரும் சேந்து ஊதுவம், என்ன?"

பிறகு ஊதினார். வேலை முடிந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது அவர் விசிலடிக்கிற ஏழெட்டுச் சுரம் அது. பாட்டென்று சொல்ல முடியாது. அந்த எட்டு மாதமும் அதைக் கேட்டால்தான் நான் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைப்பேன். ஊதி முடித்துவிட்டு, "சாப்பிட்டீரே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

"ஓம், சாப்பிட்டனான். நீங்கள்?" என்றேன் சைக்கிளில் இருந்தபடி.

"நான் இப்பதான் வேலையால வந்தனான்," என்றார்.

என்ன ஆச்சரியம் பாருங்கள், நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னதுபோல அத்தனை கச்சிதமாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் கேட்டார், நான் சொன்னேன். பட்டினி கிடந்த நாளிலும் சாப்பிட்டேன் என்றுதான் சொன்னேன்.

குழல் உடைந்ததை அவருக்கு எழுதவில்லை. அத்தனை ஆசையாக வாங்கியவருக்கு எப்படி எழுத? "வந்து சேந்தது. நல்ல வடிவு. பழகுகிறேன்" என்று எழுதிப்போட்டேன். பொய் எழுதியாயிற்று. இனி அவர் ரெலிபோனில் கூப்பிடுகிற நாளுக்குள், அவருடையதோடு சேர்ந்து ஊதக்கூடிய ஒன்று என் கையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊதத் தொடங்கிய நிமிடமே நான் பிடிபடுவேன்.

உடைந்ததில் ஒரு நன்மை, அதன் உள்பக்கம் தெரிந்தது. நான் சட்டை தைக்கிறவள், பிரித்துப்போட்ட சட்டையைப் பார்த்தால் தைக்கத் தெரியும். மூக்கின் வழியே காற்றுப் போக ஒரு தட்டையான சந்து. சந்து முடிகிற இடத்தில் அடியில் ஒரு சதுரத் துளை, அதன் மறு கரை கத்திபோலச் சீவியிருந்தது. ஊதுகிற காற்று நேராகப் போய் அந்தக் கரையில் மோதி இரண்டாகப் பிரிய வேண்டும். அதுதான் சத்தம். மற்றதெல்லாம் வெறும் வெற்றிடம்.

மண்ணுக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்து வளவில் செங்கல் அரிகிற பெண் இருந்தாள். மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பம், என் வயதுதான் இருக்கும். அவளும் புருசனும் குளத்துக் களிமண்ணை மிதித்து, கல் அரிந்து, சூளை வைப்பார்கள். நான் மண் கேட்டபோது துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னாக்கா, ஊதுற மாங்காவா?"

"ஓம், மாங்காய்தான். மண் தருவீரோ, மாட்டீரோ?"

"அட, கோவத்தப் பாரேன். அள்ளிக்கிட்டுப் போங்கக்கா, கொளத்து மண்ணுதானே."

முதலாவது ஊமை. இரண்டு கிண்ணம் பிடித்து வாயோடு வாய் ஒட்டினேன், சந்து குத்தினேன், ஊதினேன், வெறும் புஸ் என்றது. இரண்டாவதும் அப்படியே. பிறகுதான் சந்தும் கரையும் ஒரே நேரில் இருக்க வேண்டுமென்று பிடிபட்டது; ஈர்க்குப் பருமன் விலகினாலும் காற்று தன்பாட்டில் போய்விடும். மூன்றாவது ஈரத்திலேயே பாடியது. துள்ளினேன். வெயிலில் வைத்தேன், வெடித்தது. நாலாவது சூளையில் சுக்குநூறாகிப் பக்கத்துக் கல்லிலும் தழும்பு போட்டது. ஐந்தாவது முழுசாக வந்தது, ஆனால் சத்தம் கீச்சென்று உயர்ந்துவிட்டது. ஈரத்தில் கேட்ட சுரம் வேறு, சுட்டபின் வேறு. எடுத்து எறியப் போனேன். அவள் கையைப் பிடித்தாள்.

"நம்ம கல்லு அச்சப் பாத்தீங்கல்ல? கல்லவிட அச்சு பெருசு. காஞ்சாச் சுருங்கும், சுட்டா இன்னும் சுருங்கும். மாங்காவப் பெருசாப் புடிங்க."

பெரிதாகப் பிடித்தேன். வெற்றிடம் பெருத்தால் சத்தம் இறங்கும், சிறுத்தால் ஏறும். துளை எங்கே இருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை, எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. நாலையும் மூடினால் அடிச் சுரம். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஏறும். பெரியதை மூடிச் சின்னதைத் திறந்து, சின்னதை மூடிப் பெரியதைத் திறந்து, மாற்றி மாற்றிப் பிடித்தால் நாலு துளையில் எட்டுச் சுரமும் வந்துவிடும். மூச்சும் சும்மா இல்லை. கொஞ்சம் அழுத்தினால் சுரம் கூடும், தளர்ந்தால் குறையும். கோபத்தோடு ஊதினால் கிறீச்சிடும். என்னைப் போன்றவளுக்கு இப்படியொரு வாத்தியம்.

சுரம் பார்ப்பதுதான் பெரிய வேலை. சைக்கிளில் ஏறி மிதித்து, அவர் ஊதுகிற இடம் வந்ததும் ஈரக் குழலை வாயில் வைத்து அடிச் சுரத்தைப் பிடித்துப் பார்ப்பேன். மிதிக்கிற மூச்சு வாங்கலில் ஊதினால் சுரம் ஏறிவிடும் என்பதால் இன்னும் ஆறுதலாக மிதித்தேன். காய்ந்து சுருங்கச் சத்தம் ஏறும் அளவையும் விட்டு, அவருடையதற்குக் கீழே வைத்து, துளைகளை ஈர்க்கால் இழை இழையாகச் சுரண்டுவேன். எட்டாவது கிட்ட வந்தது. ஒன்பதாவது சூளையிலிருந்து வந்த அன்று, சாம்பலைத் துடைத்துவிட்டு ஏறி மிதித்து ஊதினேன். அவருடைய சத்தமும் என்னுடைய சத்தமும் ஒன்றாகிவிட்டன. எது அவர், எது நான் என்று தெரியவில்லை. மேலெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு எத்தனை தரம் சேர்ந்து ஊதினோம் என்று தெரியாது, கால் மரத்துப்போனது.

நீலத்துக்கு எங்கே போக? சுடுவதற்கு முன்பே கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கி, காவி மண்ணைக் குழைத்துத் தையல் நூலை மடித்துத் தூரிகையாக்கிப் பூ எழுதியிருந்தேன். சிவப்பு மேல் கடும் சிவப்புப் பூ. சூளைக்குள் ஒரு பக்கம் புகை பிடித்துக் கறுத்துவிட்டது. எனக்கு அது நீலத்தைவிட வடிவாகத்தான் இருந்தது.

செங்கல்காரி ஒன்பதாவதைக் கையில் எடுத்து, உடைந்த துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, அது முட்டையாட்டம் இருக்கு. இது நெசமாவே மாங்கா. ரெண்டும் ஒரே சத்தமா வரும்?"

"அது வெளிநாட்டு மண். இது குளத்து மண். ஒண்டுபோல இருக்குமே?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"என்னமோக்கா. ஒங்க வீட்டுக்காரரும் கெணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரிதான் பேசுறாரு."

அவ்வளவுதான். என் மனிசனுடைய குரலைப் பற்றி நீர் கதைக்க வேண்டாம் என்று தொடங்கி, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். ரெண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. நட்டம் எனக்குத்தான், வேறு யார் இருந்தார்கள் கதைக்க?

அவருடைய கடிதம் வந்தது. வவுனியாவில் இன்ன ரெலிபோன் கடை, இன்ன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. "குழலையும் கொண்டு வாரும்." வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க நான் நடந்த நடையை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். செங்கல்காரியின் புருசன்தான் எனக்குப் பிணை நின்றான், நான் திரும்பி வராவிட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும். அவளிடம் கதைக்காமலிருந்த என்னிடம் வந்து, அவளேதான் அதைச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குழலைச் சீலைக்குள் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். கசெற்றையும் எடுத்துக்கொண்டேன், கொட்டிலில் விட்டுவிட்டு வரப் பயம். சோதனையில் குழலை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் ஊதிக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஞாயிறு பத்து மணி. கண்ணாடிக் கூட்டுக்குள் ரெலிபோன் அடித்தது.

"ஹலோ! நான்தான்! கேக்குதே?"

கீச்சென்ற ஒரு மெல்லிய குரல். சொல்லுக்குச் சொல் ஓடியது.

"ஆர் கதைக்கிறியள்?" என்றேன்.

"என்னப்பா, நான்தான்!"

"அவரிட்டைக் குடுங்கோ தம்பி," என்றேன். யாரோ அறையில் கூட இருக்கிற பொடியன் என்று நினைத்தேன். மறுபக்கத்தில் சிரித்தார். சிரிப்புத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த எட்டு மாதத்துச் சிரிப்பு.

"என்ர குரலும் மறந்து போச்சே உமக்கு? சரி, சரி, காசு ஓடுது. குழல் கொண்டு வந்தனீரே? ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

ஊதினார். நானும் ஊதினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! அவருடையது எங்கேயோ உச்சியில் குருவி மாதிரிக் கத்தியது. என்னுடையது கீழே மாடு மாதிரி. ஒரு சுரம், ரெண்டு சுரமல்ல, நாலு சுரம் வித்தியாசம். அவர் ஓடி முடித்துவிட்டார், நான் பாதியில் நின்றேன்.

"பலமா ஊதும்!" என்றார்.

பலமாக ஊதினேன். கிறீச்சென்று உடைந்தது. வெளியில் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உம்முடையதுக்கு என்ன நடந்தது? ரெண்டும் ஒண்டாத்தானே வாங்கினனான்."

சொல்லிவிட்டேன். அது துண்டாகத்தான் வந்தது, இது நான் செய்தது, ஒன்பதாவது என்று எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். அவர் நல்ல மனிசன். கோபிக்கவில்லை, பொய் சொன்னதைப் பற்றிக் கேட்கவுமில்லை. "அட, இதுக்கே அழுறீர்? நான் வேற ஒண்டு வாங்கி அனுப்புறன், விடும்," என்றார். பிறகு ஸ்பொன்சர், பாஸ்போட், படம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த வேகத்துக்குள் நான் ஒரு சொல் வைக்க இடமிருக்கவில்லை. லைன் அறுந்தது.

எனக்கு ஆத்திரம். என் காது பொய் சொல்லாது, எத்தனை மாதம் சேர்த்து ஊதிப் பார்த்தது! கடைக்காரரின் மேசையில் ஒரு செற் பாடிக்கொண்டிருந்தது. கசெற்றை எடுத்து நீட்டி, "அண்ணை, இதை ஒருக்கால் போடுங்கோ," என்றேன். போட்டார். அதே கீச்சுக் குரல் ஓடத் தொடங்கியது.

"அண்ணை, செற் பிழை. வேகமா ஓடுது. கொஞ்சம் மெதுவாக்குங்கோ."

"இது கரண்டில ஓடுது தங்கச்சி. இதுதான் சரியான வேகம். நீங்கள் டைனமோவில கேட்டிருப்பியள், என்ன? மெதுவா மிதிச்சால் கசெற்றும் மெதுவாத்தான் ஓடும், குரலும் தடிச்சுப் போடும்."

அவர் ஒரு சாதாரண விசயத்தைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கசெற் ஓடியது. குழல் உச்சியில் ஊதியது. முட்டையளவுக் குழலுக்கு அந்தச் சத்தம்தான் வரும். நான் மாதக்கணக்கில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சுரம் சேர்த்தது என் மனிசனோடு அல்ல, என் காலோடு. அப்போது அந்த இடம் வந்தது.

"சாப்பிட்டீரே?"

"ஓம், சாப்பிட்ட..." என்று என் வாய் தன்பாட்டில் தொடங்கியது.

"நான் இப்பதான் வேலையால வந்தனான்."

முடிக்க விடவில்லை. அவர் காத்திருக்கவே இல்லை. மூச்சு எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கசெற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியில் வந்து, பஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தேன். யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. முதல் தடவையாக எனக்குக் கோபமே வரவில்லை.

திரும்பி வந்து ரெண்டு நாள் சைக்கிளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஏறி மிதித்தேன். ஆழமான அந்தக் குரல், அவசரமில்லாமல், சாப்பிட்டீரே என்று கேட்டது. இது யார் என்று எனக்குத் தெரியும், இப்படி ஒருவர் எங்கேயும் இல்லை என்றும் தெரியும். "ஓம், சாப்பிட்டனான். நீங்கள்?" என்றேன். காத்திருந்து பதில் சொன்னார்.

ஸ்பொன்சர் சரிவந்து இரண்டாயிரத்தொன்றில் வெளிக்கிட்டேன். சைக்கிளையும் றேடியோவையும் செங்கல்காரிக்குக் கொடுத்தேன். கசெற்றை மட்டும் கொண்டு போங்கக்கா என்று அவள் கெஞ்சினாள். கொண்டு போய் என்ன செய்ய? அந்த மனிசன் கசெற்றில் இருக்கவில்லை, சைக்கிளில் இருந்தார். அதையும் றேடியோவுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவர் சொன்னபடியே வேறொன்று வாங்கி வைத்திருந்தார். நீலம், மஞ்சள் பூ. அவருடையதோடு அச்சொட்டாகச் சேரும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரெண்டு பேரும் ஊதிக் காட்டுவோம், கைதட்டுவார்கள். ஒன்பதாவது அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் என்னை அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதே இன்றைக்கும் கேட்பார், "சாப்பிட்டீரே?" நான் ஓம் என்று வாயெடுப்பதற்குள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அன்றைய வேலைக் கதையைத் தொடங்கிவிடுவார். அவர் வெளியே போன நேரங்களில் ஒன்பதாவதை எடுத்து ஊதுவேன், ஆறுதலாக. ஊதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். சாப்பிட்டீரே என்று ஒருவரும் கேட்பதில்லை.